டிக்கி கதவுக்குள் மழை

அக்டோபர் 16, வியாழன்

ஆபீஸ் போகிற வழியில் நான்கு சிக்னல். நான்கிலும் பிரேக்கை அழுத்தியதும் காரின் பின்பக்கம் சளக், சளக், சளக். சரியாக மூன்று முறை, பிறகு அடங்கிவிடுகிறது. நேற்று முழுக்க மழை. அதற்கு முன்னால் இந்தச் சத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்து குருவிடம் சொன்னேன். "தண்ணி பாட்டில் உருண்டுண்டிருக்கும். எடுத்து வெளில போடு" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில், எனக்குக் கேட்கும் எல்லாச் சத்தத்துக்கும் அவரிடம் ஒரு பாட்டில் இருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி

பாட்டில் இல்லை. சீட்டுக்கு அடியில், ஸ்டெப்னிக் குழியில், எல்லா இடமும் பார்த்தாயிற்று. சத்தம் இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

பாண்டி பஜார். தீபாவளித் துணிப்பைகளை வைக்க டிக்கியைத் தூக்கினேன். தலையில் தண்ணீர் கொட்டியது. தூறல் இல்லை, யாரோ மாடியிலிருந்து ஒரு சொம்பைக் கவிழ்த்த மாதிரி. அண்ணாந்து பார்த்தேன். மாடியும் இல்லை, மழையும் இல்லை. கதவுக்கு உள்ளேயிருந்து வந்திருக்கிறது!

பக்கத்தில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "இன்னா மேடம், கங்கா ஸ்நானம் ரெண்டு நாள் முன்னாடியே ஆயிடுச்சா?" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். பைக்குள் பட்டு நனைந்திருந்தது. சிரிக்கவில்லை.

ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்து குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நகல் இங்கே: "தினமும் வண்டி கழுவும் ஹம்சா பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சுவதால் என் காரின் டிக்கி கதவு ஒழுகுகிறது. செயலாளர் கவனிக்கவும்."

பதினான்கு வார்த்தை. பத்து நிமிடத்துக்குள் பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். சுருக்கமாக எழுதிய திருப்தி.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஹம்சா பட்சணம் வாங்க வரவில்லை. வருடா வருடம் வருவாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் லிஃப்ட் அருகே தனபாலனைப் பார்த்தேன். தி.நகரில் துணிக்கடை, எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "ஹம்சாவ மறுநாளே நிப்பாட்டிட்டேன் மேடம். ஞாயித்துக்கிழம கூட்டத்துல ஒரு கம்பெனிக்குக் குடுத்திருவோம். மிஷின் வச்சுக் கழுவுவான்."

"விசாரிச்சேளா?"

"நீங்க எழுதினப்புறம் என்னத்த விசாரிக்க? பேப்பர்ல எழுதுதவங்க பாக்காமலா எழுதுவீங்க?"

பார்த்தேனா?

ஹம்சா ஐந்தரைக்கு வந்து ஏழு மணிக்குள் போய்விடுகிறவள். நான் ஏழரைக்கு முன்னால் கீழே இறங்கியதில்லை. ஒன்பது வருடத்தில் அவள் வண்டி கழுவி ஒருநாள்கூட நான் பார்த்தது கிடையாது. அப்புறம் பைப் என்று எப்படி எழுதினேன்? வண்டி கழுவுவது என்றால் பைப் — மண்டைக்குள் அப்படி ஒரு படம். பார்த்த மாதிரியே எழுதிவிட்டேன். வேறு யாராவது இப்படி ஒரு செய்தி கொண்டுவந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

சாயங்காலம் கேட்டருகே அவளே நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

"நான் எப்ப மேடம் பைப்பு புட்ச்சேன்? அந்தப் பைப்பத் தோட்டக்காரன் பூட்டி வெச்சிக்கினு கீறான். எனக்கு ஒரு பக்கெட்டுதான். பதினோரு வண்டி போச்சு. முட்டி வலியோட மாடி ஏறி வூட்டு வேல செய்ய முடியுமா என்னால? கீழ நின்னு செய்யற வேல இது ஒண்ணுதான் கெட்ச்சுது. நீ பாத்தியா? பாத்துட்டுத்தான் எய்தினியா?"

மேடத்திலிருந்து 'நீ'க்கு இறங்கிவிட்டாள். நியாயம்தான். பாக்கலை ஹம்சா. சொல்லியிருக்க வேண்டியது அதுதான். நின்னுண்டே இருந்தேன், அவ போய்ட்டா.

மழையா, அவளா? ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

லீவு போட்டேன். நேற்று மாலையே கதவைத் தூக்கி, ஆட்டி, உள்ளே இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை கொட்டியாயிற்று. நேரம் தெரியும்படி போட்டோவும் எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு ஒதுக்கிய இடம் வேப்பமரத்தடி, மேலே கூரை கிடையாது. அது நல்லதாகப் போயிற்று. காலை ஆறு மணிக்குப் பிடித்த மழை மூன்றரைக்குத்தான் விட்டது. இடையில் வண்டியை யாரும் தொடவில்லை. ஜன்னலை விட்டு நானும் நகரவில்லை.

குருவின் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் தூக்கினேன். வந்தது! வாளியில் பிடித்து, காலித் தயிர் டப்பாவால் அளந்தேன். நானூறு மில்லி டப்பாவில் மூன்றரை. ஹம்சா இல்லாத நாளில், ஹம்சாவின் பக்கெட் இல்லாத நாளில், ஒரு லிட்டர் நானூறு!

மூன்றரை டப்பா என்று உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டேன். இப்படி எழுதி எத்தனை வருடம் ஆகிறது.

"முப்பத்தோரு வருஷம் ஊர் ஊழலெல்லாம் எழுதினவ, டிக்கிக் கதவுக்குத் துப்புத் துலக்கிண்டு நிக்கறா பாரு" என்றார் குரு. ஆனால் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். "எழுதிக்கோ, மூணு மணி நாப்பத்திரண்டு நிமிஷம்" என்று சொன்னவரும் அவர்தான்.

அக்டோபர் 23, வியாழன்

தண்ணீர் எங்கே நுழைகிறது? கதவின் உட்புற அட்டையைத் தோசைத் திருப்பியால் நெம்பிக் கழற்றினோம். இரண்டு கிளிப் உடைந்தது. குரு டார்ச்சோடு டிக்கிக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே நின்று, சொட்டு நீலம் கலந்த தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றினேன். முதலில் கண்ணாடி ஓரம், அடுத்து வைப்பர். ஒன்றும் இல்லை. மூன்றாவது குவளை, மேலே இருக்கும் சிவப்பு பிரேக் விளக்கின்மேல்.

"வந்துடுத்து! விசாலி, நீலமா வந்துடுத்துடி!"

இரண்டு மாடிகளில் ஜன்னல் திறந்தது. அறுபத்தோரு வயசு மனிதர், டிக்கிக்குள்ளிருந்து கை தட்டுகிறார். விளக்கைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

காபி குடிக்கும்போது அவர்தான் கேட்டார், இத்தனை வருடம் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம்: "உள்ள வர வழி தெரிஞ்சுடுத்து. ஏன் வெளில போகல? கணக்குப் புஸ்தகத்துல தொட்டின்னா ரெண்டு குழாய் இருக்கும். ஒண்ணு ரொப்பும், ஒண்ணு காலி பண்ணும். உன் ரெண்டாவது குழாய் எங்க?"

என் விரலெல்லாம் நீலம். தூக்கமே வராது போலிருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

நந்தனம், கரீமுல்லாவின் ஒர்க்‌ஷாப். பத்து வருடமாக என் வண்டியைப் பார்க்கிறவர். கதவின் கீழ் விளிம்பை விரலால் ஒருமுறை தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தண்ணி போற ஓட்டை மேடம் இது. எல்லா வண்டிக்கும் கீழ ரெண்டு வெச்சிருப்பான். ரெண்டும் அடைச்சிக்கீது."

"யார் அடைச்சா?"

"நாந்தான்."

"நீங்களா! எதுக்கு?"

"ஜூலைல வந்து இன்னா சொன்னீங்க? கதவுக்குக் கீழ சொட்டிக்கினே கீது, ஒழுகுது, அடைச்சிக் குடுன்னீங்க. ஒழுகுதுன்னா அடைக்கத்தான் செய்வாங்க. வடியுதுன்னு சொல்லிருந்தீங்கன்னா நான் கையே வெச்சிருக்க மாட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதா, கரீமுல்லா?"

"தெரியும். நல்லாப் பாத்தீங்களான்னு கேட்டேனே. 'நான் ரிப்போர்ட்டர், பாக்காம சொல்லுவேனா'ன்னீங்க. அப்பால நான் இன்னா பேசறது?"

அவர் சொல்வது உண்மை. அந்தத் தோரணையில் நான் சொல்லியிருப்பேன்.

கம்பியை விட்டு, அடைத்திருந்த சீலண்ட் பசையைக் கிழித்தார். குபுக். இரண்டாவதையும் கிழித்தார். நீலத் தண்ணீர் என் செருப்பின்மேல் ஓடிற்று. நான் குதித்தேன் என்று நினைக்கிறேன். கரீமுல்லா சிரித்துவிட்டார். விளக்குக்கும் புது ரப்பர் போட்டாயிற்று.

திரும்பி வரும்போது நான்கு சிக்னலிலும் அமைதி. அந்த அமைதியில்தான் உறைத்தது. வடிந்துகொண்டிருந்ததை ஒழுகுகிறது என்றேன், கரீமுல்லா ஓட்டையை அடைத்தார். மறுபடியும் ஒழுகுகிறது என்றேன், தனபாலன் ஆளை நிறுத்தினார். இரண்டு பேரும் நான் சொன்னபடிதான் செய்தார்கள்.

அக்டோபர் 25, சனி

எங்கள் பத்திரிகையில் திருத்தம் ஏழாம் பக்கத்தில், கீழ் மூலையில் வரும். 'தவறுக்கு வருந்துகிறோம்.' வருந்துவது யார் என்று இருக்காது. நான் எழுதியதே நாற்பது தேறும். இன்றைக்கு ஆறு முறை எழுதி ஆறையும் கிழித்தேன். ஏழாவதில் 'நான்' என்று ஆரம்பித்ததும் மற்றது தானாக வந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். எழுந்து நின்று வாசித்தேன்.

"நான் பதினெட்டாம் தேதி எழுதியது தவறு. ஹம்சா பைப் பிடித்ததே இல்லை. நான் பார்க்காமல் எழுதினேன். தண்ணீர் மழையால் வந்தது. அது வெளியேறும் வழியை அடைக்கச் சொன்னதும் நான்தான்."

முதல் மாடி மாமி கேட்டாள்: "சரி, அந்தப் பொண்ணு ஒரு வாரமா வேலையில்லாம ஒக்காந்திண்டிருக்காளே, அதுக்கு?"

தனபாலன் தலையைச் சொறிந்தார். "கம்பெனிக்காரன் யூனிஃபார்மோட வருவான்னு சொன்னானே மேடம்..."

"பைப்போடயும் வருவான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னதில் ஹம்சாவுக்கு எட்டு, கம்பெனிக்கு மூன்று.

தனபாலனைக் குறை சொல்ல மாட்டேன். அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டார். "ஹம்சா, தனபாலன் பேசுதேன். தப்பு எங்க மேலதாம்மா. நாளையிலேந்து வந்துரு."

போனை எல்லோர் பக்கமும் திருப்பிப் பிடித்தார்.

"வரேன் சார். பத்து வண்டி செய்றேன். அந்தப் பேப்பர் மேடம் வண்டிய மட்டும் நான் தொட மாட்டேன்."

எல்லோருக்கும் கேட்டது. இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

வந்துவிட்டாளாம். குரு ஜன்னலிலிருந்து பார்த்துச் சொன்னார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

ஒரு வாரம் ஆபீஸ் வேலை. வண்டி வேப்பிலையும் புழுதியுமாகிவிட்டது. இன்று ஐந்தரைக்கு அலாரம் வைத்து, பக்கெட்டோடு கீழே இறங்கினேன்.

ஹம்சா மூன்று வண்டி தள்ளி இருந்தாள். திரும்பவில்லை. அவள் வேலை செய்வதை முதல் முறையாகப் பார்க்கிறேன். அரை பக்கெட் தண்ணீரில் ஒரு வண்டி முடிகிறது. முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிகிறாள். கீழே ஒரு சொட்டு வீணாகச் சிந்தவில்லை.

நான் சக்கரத்தில் ஆரம்பித்தேன். நான்கு சக்கரமும் முடித்துக் கண்ணாடிக்கு வந்தபோது பின்னால் குரல்.

"அய்யே! சக்கரம் தொட்ச்ச துணியாலயே கண்ணாடிய தொடைக்கிற? மண்ணு கீறிடும். மேலேர்ந்து கீழ வரணும். அட, மேலேர்ந்து வா யக்கா!"

நின்றுவிட்டேன். அவள் தோளில் கிடந்த துணியை எடுத்து என் பக்கம் வீசினாள். தவறவிட்டு, குனிந்து எடுத்தேன்.

"அது கண்ணாடிக்கு மட்டும். நாளைக்குத் தொவச்சிக் குடு, எனக்கு வோணும்."

துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். மத்தியானம் தூறியதும் ஓடிப்போய் எடுத்துவந்து, கூடத்தில் ஃபேனுக்கு அடியில் நாற்காலிமேல் விரித்திருக்கிறேன். ஓரம் மட்டும் இன்னும் ஈரம். குரு உட்கார வந்தார், வேறு நாற்காலி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.