தண்ணீர் ஊற்ற வேண்டாத பேட்டரி

இன்று காலை பஜாருக்குப் பின்னால் ஒரு வீட்டில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றினேன். மூடியைத் திறந்ததும் ஆசிட் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே தண்ணீர் வற்றி, தகடுகள் வெளியே தெரிந்தன. மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள், கம்ப்யூட்டர் ஒரு நொடிகூட அணையக்கூடாது, இனி லித்தியம் பேட்டரி போட்டுவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் சேட்டா" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வற்றிய பேட்டரியைப் பார்த்தால் இப்போதெல்லாம் உன் முகம்தான் தெரிகிறது.

கொச்சி மட்டாஞ்சேரியில், நண்பா, உன்னைப் போல் பேசுகிற கைடு வேறு யாரும் இருந்ததில்லை. கொட்டாரத்தில், அந்தப் பழைய அரண்மனையில், சுவர்ச் சித்திரங்களின் முன்னால் நின்று நான்கு மொழியில் கதை சொல்வாய். வேலை முடிந்து என் இன்வெர்ட்டர் கடைக்கு வந்து உட்கார்ந்தால், வாங்க வந்தவர்கள் சாமானை மறந்து உன் பேச்சைக் கேட்பார்கள். அப்படிப்பட்டவனுக்கு முதலில் கை தளர்ந்தது, பிறகு கால், பிறகு நாக்கு. நரம்பு நோய், குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றரை வருடத்தில் கண்கள் மட்டும்தான் மிஞ்சின.

அந்தக் கண்களுக்காகத்தான் கம்ப்யூட்டர் வந்தது. திரையின் அடியில் ஒரு கேமரா. நீ எந்த எழுத்தைப் பார்க்கிறாயோ அந்த எழுத்து விழும். பிறகு அது வாய்விட்டுப் படிக்கும். நீ மலையாளப் பள்ளியில் படித்தவன். தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதுவாய். அதனால் நாம் வீட்டில் பேசும் தமிழை யாரோ ஒரு மலையாளப் பெண் படிப்பது போலக் கேட்கும். முதல் நாள் அதைக் கேட்டு விமலா சிரித்தாள். உன் மனைவி கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இன்வெர்ட்டர் நான் போட்டுக் கொடுத்தேன். பழைய வகை பேட்டரி. "ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வந்து தண்ணி ஊத்திப் பார்த்துக்கறேன்" என்று சொன்னேன். இரண்டு முறை வந்தேன். மூன்றாவது முறை உன் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டேன். உன் கழுத்து சாய்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடையில் வேலை அதிகம் என்று விமலாவிடம் போனில் பொய் சொன்னேன். அப்படியே ஏழு மாதம் போனது.

ஜூன் மழையில் ஒரு பகல் கரண்ட் போனது. விமலா மருந்து வாங்கப் போயிருந்தாள். தண்ணீர் வற்றிய பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. திரை அணைந்தது. நீ நாற்காலியிலிருந்து சரிந்து, தலை மார்பில் மடிந்து, மூச்சு முட்டிக் கிடந்தாய். பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். திரை அணைந்ததால் கூப்பிடக் குரல் இல்லை. விமலா திரும்பி வந்தபோது உன் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பிய பிறகு வந்தேன். என்னால் உன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்து நின்றேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"எடா, பேட்டரியைப் பார்க்க வரலைன்னா போகட்டும். என்னைப் பார்க்க வந்திருக்கலாம்."

எந்த உணர்ச்சியும் இல்லாமல் அந்தப் பெண் குரல் அதைப் படித்தது. நான் அழுதேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

மறுநாள் மீட்டரோடு வந்தேன். கம்ப்யூட்டரும் திரையும் கேமராவும் சேர்ந்து எவ்வளவு கரண்ட் இழுக்கின்றன என்று அளந்தேன். என் பாவத்தைக் கழுவ ஆகப் பெரியதாக ஒன்றை வைத்துவிட வேண்டும் என்ற வெறி. "சுவரில் மாட்டற லித்தியம் பேட்டரி. நாள் முழுக்கத் தாங்கும். கரண்ட் போனது கம்ப்யூட்டருக்கே தெரியாது. தண்ணி ஊத்த வேண்டாம், யாரும் வந்து பார்க்கவே வேண்டாம்" என்று சொன்னேன்.

நீ வெகுநேரம் எழுதினாய். "அப்போ நீ வர ஒரு காரணமும் இருக்காது."

பிறகு, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாய். நான் அரைமனதாக பவர் ஸ்டேஷன் என்கிற சின்னக் கருவியைப் பற்றிச் சொன்னேன். பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில், மேலே கைப்பிடி. இதுவும் லித்தியம்தான், எளிதில் சூடேறாத வகை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். கரண்ட் போன அதே நொடியில் இது கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். ஆனால் உன் சாமான்களுக்கு மூன்று மணி நேரம்தான்.

"அது மதி, அதுவே போதும். வெளியே கொண்டுபோகலாம். ஆனா தூக்க ஆள் வேணும்."

விமலா பயந்தாள். "மூணு மணி நேரத்துக்கு மேல கரண்ட் வரலைன்னா?"

"அதுக்குள்ள இவன் வந்துருவான்."

அதற்குப் பிறகு கரண்ட் போனால் கடையைச் சாத்திவிட்டு முதலில் உன் வீட்டுக்குத்தான் ஓடினேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. கரண்ட் போகாத நாளிலும் வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கொட்டாரத்துக்கு அழைத்துப் போனோம். திரையை வீல்சேரில் கட்டி, பெட்டியை நான் கையில் தூக்கிக்கொண்டேன். வெயிலில் கேமராவுக்கு உன் கண் பிடிபடவில்லை, மரநிழலில் நிறுத்தினோம். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வழி கேட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன். நீ என்னை முறைத்தாய். அவர்கள் காத்து நின்றார்கள்.

"மேலே படுக்கையறையில ராமாயணச் சுவர் இருக்கு. அவசரப்படாம பாருங்க. முகங்களை மட்டும் பார்த்தாலே மதி."

ஒரு மணி நேரம் கழித்து அந்தக் குடும்பத்து அம்மா இறங்கி உன்னிடமே வந்தார். எந்த முகத்தைப் பார்த்தார், அதில் என்ன இருந்தது என்றெல்லாம் உன்னிடம் சொன்னார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொன்னவன் அன்று ஒருவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் கண்ணீரை விமலா துடைத்தாள்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நீ போய்விட்டாய். அன்று கரண்ட் இருந்தது, பெட்டி நிறைய சார்ஜ் இருந்தது, நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சுதான் நின்றது. அதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

போன மாதம் கும்பளங்கியில் என் பழைய கூட்டாளி ஒருவருக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டேன். முன்பென்றால் போனில் விசாரித்துவிட்டு இருந்திருப்பேன். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். அவர் கட்டில் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அவர் ஏதோ சொல்ல முயன்றார். வாய் கோணியது, சொல் வரவில்லை. அவர் மனைவி அவருக்குப் பதிலாகச் சொல்ல வந்தார். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, திரும்ப உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தேன்.

"சாயா... குடிச்சிட்டு... போ" என்றார்.

குடித்துவிட்டுத்தான் வந்தேன்.