பதிவாகாத ஏழு அழைப்புகள்

மார்ச் 3, திங்கள்

பழைய வாய்ஸ்மெயில் சர்வரைத் தூக்கிவிட்டுப் புதிது வைக்கலாம், திட்டம் எழுதிக் கொடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எட்டு வருடமாக அந்தப் பெட்டியோடு மாரடிப்பவள் நான்தானே, சந்தோஷமாக இருந்தது. ஆபீஸ் மூடியிருக்கும்போது வரும் போனையெல்லாம் அதுதான் எடுக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் வைத்து வீட்டிலேயே மூச்சை ஓட்டுகிறவர்கள், தீரப் போகிறது, அனுப்புங்கள் என்று அதில் பேசி வைப்பார்கள். ஞாயிறுகளில் டிரைவர் வந்து அதைக் கேட்டு, சிலிண்டர் எடுத்துப் போவார். அவருடைய வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். "நேத்து ஒரு மெசேஜ்கூட இல்லக்கா, பொழுதே போகல" என்றார்.

மார்ச் 4

திட்டத்தின் முதல் வரி: ஒரு செய்திகூடத் தொலையக் கூடாது. நல்ல வரி. அதற்கு மேல் ஓடவில்லை.

மார்ச் 5

ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு என்று திட்டத்தில் காட்ட, டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் அழைப்புப் பட்டியலை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் அழைத்திருக்கிறார்கள். நாற்பது விநாடி, ஒரு நிமிடம் - பேசியிருக்கிறார்கள். பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

எங்கே போயிற்று? அப்புறம்தான் உறைத்தது. பெட்டியில் இருநூறு செய்திக்கு மேல் நிற்காது. சனிக்கிழமைதோறும் கேட்டு முடித்தவற்றை நான் கையால் அழித்துவிட்டுத்தான் கிளம்புவேன். இதை எங்கும் எழுதி வைத்ததில்லை, யாரிடமும் சொன்னதில்லை. போன சனிக்கிழமை தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று பாதியில் ஓடினேன். திங்கள் காலை வந்ததும் அழித்தேன், ஒன்றும் ஆகாததுபோல.

வேண்டுமென்றே பெட்டியை நிரப்பிவிட்டுப் பேசிப் பார்த்தேன். "உங்கள் செய்தி பதிவாகிவிட்டது, கவலைப்பட வேண்டாம்" என்றது. பதிவாகவில்லை. அந்த அறிவிப்பில் இருப்பது என் குரல்.



மார்ச் 6

சர்வீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோல ஏழு பேருக்கும் போன் போட்டேன். ஒரு அம்மா, "பிரமாதம்மா. ஞாயித்துக்கிழமை பேசினோம், ஈ காக்கா வரல. நாங்களே ஆஸ்பத்திரிக்கு ஓடி வாங்கிட்டு வந்தோம்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. ஆறு வீட்டிலும் நோயாளிகள் நன்றாக இருக்கிறார்கள்.

ஏழாவது நம்பர் ஒரு பழைய தையல்காரருடையது. மகளோடு இருக்கிறார். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி பேசியிருக்கிறார். இப்போது மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 7

காலையில் மூன்று தடவை, மதியம் இரண்டு தடவை. எடுக்கவில்லை. எக்ஸ்பிரஸை அந்தப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். வீடு பூட்டியிருக்கிறதாம்.

மார்ச் 8

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ வேணும்னா பண்ணின? பேசாம இரு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். யாருக்கும் தெரியாதுதான். அந்தப் பட்டியல் பத்து நாளில் தானாக அழிந்துவிடும். அதை நினைத்து ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. சீ, என்ன பொம்பளை நான்? பட்டியலை பிரிண்ட் எடுத்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டப் போகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டிலிருந்தே பத்து தரம் ஆபீஸுக்கு அடித்து "சோதனை, சோதனை" என்று பேசினேன். எக்ஸ்பிரஸ் திரும்ப அழைத்து, "கேக்குதுக்கா. எல்லாம் கேக்குது. தயவுசெஞ்சு சாப்பிடுங்க" என்றார்.

மார்ச் 10

தையல்காரரின் மகளே கூப்பிட்டார்.

"அப்பா செவ்வாய்க்கிழமை தவறிட்டாங்க. ஊருக்குப் போயிருந்தோம், இப்பதான் வந்தோம். சிலிண்டரை எடுத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை, என்று இழுத்தேன்.

"உங்களைக் குறை சொல்லலம்மா. வண்டி வரல, நாங்களே ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார், நாள் கணக்குதான்னு. ஒரு உதவி கேக்கணும். அன்னைக்கு அப்பாவேதான் உங்க மெஷின்ல பேசினார். நான் அடுப்படியில இருந்தேன், என்ன பேசினார்னு கேக்கல. அதை ஒரு காப்பி எடுத்துத் தருவீங்களா? அவர் குரல் எங்ககிட்ட எதுலயுமே இல்ல."

தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. அது பதிவாகல. பெட்டி நிரம்பியிருந்துச்சு, நான் காலி பண்ணாம போயிட்டேன். என் தப்பு."



"பதிவாயிடுச்சு, கவலைப்படாதீங்கன்னு ஒரு அம்மா சொன்னாங்கன்னாரே. அந்தத் தெம்புலதான் ரெண்டு மணி நேரம் வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். யாரும்மா அது?"

"நான்தாங்க" என்றேன்.

மார்ச் 11

மேனேஜர் மேஜையில் பட்டியலை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு முறை படித்தார். "மேல சொல்லியாகணும். என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. திட்டத்தை முடிச்சுடு" என்றார்.

மார்ச் 13

முதல் வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். செய்தியை இரண்டு டிஸ்கில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே பதிவாகிவிட்டது என்று சர்வர் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், பதிவாகவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு மனிதரிடம் போனை மாற்ற வேண்டும்.

புது சர்வர் வரும்வரை, ஆபீஸ் மூடியிருக்கும்போது வரும் அழைப்புகள் என் செல்லுக்கு வருகின்றன. நான்தான் கேட்டு வாங்கினேன். இன்று பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று அடித்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு எடுத்தேன். பெயர், வீட்டு எண், சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எக்ஸ்பிரஸுக்கு அடித்து, கிளம்பிவிட்டாரா என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான், லைனில் காத்திருந்தவரிடம், பதிவாயிடுச்சு என்று சொன்னேன்.