முத்துவுக்குத் தெரிந்த பூதம்

5 நவம்பர் 1986, புதன்

காலையிலிருந்து மழை. கடையில் ஈ ஓட்டுகிறோம். ஈயச் சுரங்கங்கள் மூடிய பிறகு லோரி உதிரிப்பாகம் வாங்க யார் வரப்போகிறார்கள்? முதலாளி தௌக்கே அதே பேப்பரை இரண்டாம் முறை படிக்கிறார். தீபாவளி முறுக்கு நமுத்துப்போய்விட்டது. ஆனாலும் தின்றேன்.

செய்ய வேண்டியவை: அம்மாவுக்குத் தைலம். சைக்கிள் பிரேக். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புதுப் பூதம்.

பூதம்தான் தலைவலி. ஞாயிறுதோறும் நாங்கள் மூவரும் ஆடும் கதை ஆட்டத்தின் பெட்டி ஜெயனுடையது, லண்டனிலிருந்து அவன் அண்ணன் அனுப்பியது. கதையைச் சொல்லி, பூதங்களை விட்டு நடத்துவது நான். கதைக்குள் ஜெயன் மந்திரவாதி, முத்து வேலன் என்ற வாள்வீரன். பகடை உருட்டி உருட்டி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பூதங்களின் புத்தகமும் ஜெ. வீட்டில்தான். கரைத்துக் குடித்து வைத்திருக்கிறான். நான் எதைக் கொண்டுவந்தாலும், "இது நெருப்புக்குத்தான் சாகும் மச்சான், எண்ணெய எடு" என்கிறான். மு. இங்கிலீஷ் படிக்கமாட்டான். ஜெ. சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வாளைத் தூக்குவான். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஒரு தடவையாவது மு.வுக்கு மட்டும் தெரிந்த பூதமாக இருக்கட்டும்.

7 நவம்பர், வெள்ளி

வெயில் அடித்தது, பிறகு மழை. தைலம் வாங்கியாயிற்று. பிரேக் இல்லை.

பூதம் கிடைத்தது. ரப்பர் எஸ்டேட்டில் நானும் மு.வும் கேட்டு வளர்ந்ததுதான். இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிடும். முதல் தடவை கூப்பிட்டதற்கே 'ஓய்' என்றால் போச்சு. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனிதர். செமோர் பக்கம் பால்மரம் வெட்டப் போகிற எல்லோருக்கும் இது தெரியும். ஜெ.க்குத் தெரியாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். யாழ்ப்பாணத்து வீடு, விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஆட்டத்தில் எவ்வளவு சொல்வது? பேர் சொல்லிக் கூப்பிடும், சொல்லலாம். ஒரே ஒரு தடவைதான் கூப்பிடும், அவர்களே கண்டுபிடிக்கட்டும். அது எப்படி உண்டானது, எங்கே கூட்டிப்போகும்? சொல்லவே கூடாது. எனக்கே தெரியாது.

எழுதும்போது மணியண்ணன் நினைவு. மு.வின் அண்ணன். எட்டு வருஷம் முன்னால், அது கூப்பிட்டது, போய்விட்டான் என்று லயத்து வீடுகளில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மு.வுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மணியண்ணன் குடித்தது புல்லு மருந்து, களைக்கு அடிக்கிற விஷம். லோரியில் தூக்கி ஏற்றியது என் அப்பா. அம்மாவிடம் அவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. ஏன் குடித்தான் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மு. இதை அதோடு சேர்த்துப் பார்க்கமாட்டான். எஸ்டேட்டில் யாருக்குத்தான் தெரியாது இந்தப் பேய்.

9 நவம்பர், ஞாயிறு

ஜெ. வீட்டுப் போர்ச். சாரல். அவன் அம்மா: "தம்பிமார், நனையாதேங்கோ, கதிரையை உள்ளுக்கு இழுங்கோ."

நான் ஜெ.யின் மந்திரவாதியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் மு. பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "டேய், பதில் சொல்லாத! மூணு தடவ கூப்பிடட்டும்!" முகமெல்லாம் வெளிச்சம். ஜெ. திகைத்துவிட்டான். ஒரு மணி நேரம் மு.தான் தலைவன். யார் முன்னால் நடப்பது, யார் வாயைப் பொத்திக்கொள்வது, எல்லாம் அவன் சொன்னபடி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு ஜெ. ஆரம்பித்தான். "சரி, இது எப்படி வந்துச்சு? எல்லா மான்ஸ்டருக்கும் ஒரு கத இருக்கும்லா."

"தெரியாது" என்றேன்.

மு. பகடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்க அண்ணன அதுதான் கூட்டிட்டுப் போச்சு."

ஜெ. சிரித்தான். மு.வின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். தேநீர் ஆறிப்போனது. என்ன வேலை பார்த்துவைத்தேன். செத்துப்போனவனை எடுத்து விளையாட்டுப் பலகையில் வைத்திருக்கிறேன்.

11 நவம்பர், செவ்வாய்

மழை.

அம்மாவிடம் மெல்லக் கேட்டேன், மு.வுக்கு யாராவது சொன்னார்களா என்று. கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "அத ஏன்டா இப்பக் கிளறுற? முத்துவோட அம்மா, பேய்னு நெனச்சுக்கிட்டுத்தான் உசுரோட நடமாடுது. வாய மூடிக்கிட்டு இரு."

இருக்கிறேன். எட்டு வருஷமாக அதைத்தானே செய்கிறேன்.

மத்தியானம் ஜெ. கடைக்கே போன் அடித்தான். தௌக்கே முறைத்தார். "குமார், கொஞ்சமாச்சும் துப்புக் கொடுடா. ஒண்ணுமே தெரியாம எப்படி ஜெயிக்கிறது? நியாயமில்ல லா." அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. புத்தகத்துப் பூதமாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பேன்.

முடிவு: அடுத்த வாரம் கொள்ளைக்காரர்கள். பூதம் காட்டைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லிவிடுவேன்.

15 நவம்பர், சனி

பிரேக் மாற்றினேன். கொள்ளைக்காரர்கள் ஆறு பேர் தயார், தலைவனுக்கு ஒற்றைக் கண். எழுதவே பிடிக்கவில்லை.

16 நவம்பர், ஞாயிறு

மழை, இடி. கொள்ளைக்காரர்களை மு. ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "வேலன் அந்தக் காட்டுக்கே திரும்பிப் போறான்."

"அது போயிருச்சு முத்து."

"போவாது. கூப்பிடச் சொல்லு."

ஜெ. என்னையே பார்த்தான். வேறு வழி தெரியாமல் வேலனைக் கூப்பிட்டேன். ஒரே தடவை.

"யாரு கொரல்ல?" மு. கேட்டான்.

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "தெரிஞ்ச குரல்" என்றேன்.

"அப்ப வேலன் பதில் சொல்றான். வாரேன்னு."

"மச்சான், பைத்தியமா!" என்று ஜெ. கத்தினான். அந்த நேரம் உள்ளேயிருந்து அவன் அம்மா, சன்னலைச் சாத்தச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து போனான். நாங்கள் இருவர் மட்டும்.

"போயி சேந்துட்டான். அங்க என்ன இருக்கு, சொல்லு குமாரு."

நான் கொள்ளைக்காரர்களை எழுதிய தாளை எடுத்து மடித்தேன்.

"புல்லு மருந்து டின்னு இருக்கும். அதத்தான சொல்லமாட்டேங்கிற?"

கூரையில் மழை அடித்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அண்ணன் போன மறுநாள் விடியும் முன் கோழிக்கூண்டுக்குப் பின்னால் அந்த டின்னைப் பார்த்திருக்கிறான். அம்மா கண்ணில் படக்கூடாது என்று வாழை மரத்தடியில் கையாலேயே பள்ளம் தோண்டிப் புதைத்திருக்கிறான். "லயத்துல எல்லாரும் பேய்னு சொன்னாங்க. அம்மா கேட்டுச்சு, பேய்தானான்னு. ஆமான்னேன்."

பன்னிரண்டு வயதில். அவனுக்குத் தெரியாது என்று நான் காபந்து பண்ணிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அவன் அழவில்லை. பகடையைத் துடைத்து என் பக்கம் தள்ளினான்.

ஜெ. தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நோட்டைத் திறந்தான். "என்ன ஆச்சு? அங்க போயி என்னத்தப் பாத்தான்?"

நான் வாயைத் திறக்கும் முன் மு. சொன்னான்: "பேய்தான் மச்சான். சரியான பெருசு."

"எவ்வளவு பெருசு?"

மு. கையை உயர்த்திக் காட்டினான். ஜெ. எழுதிக்கொண்டான்.