சந்தனம் பூசிய கண்ணாடிகள்

கல்கத்தா,
22-9-1981

அன்புள்ள தங்கை வனஜாவுக்கு,

மாப்பிள்ளை பெத்துராஜின் இரண்டு கண்களும் நன்றாக இருக்கின்றன. சொன்னவர் கண் டாக்டர். நேற்று மாலை நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது. கடைசி வரி எழுத்து வரைக்கும் அவர் தடுமாறாமல் வாசித்தார்.

டாக்டரிடம் ஏன் போனோம் என்று பதறாதே. வரிசையாகச் சொல்கிறேன். போன வருஷம் மாப்பிள்ளையோடு வேலை செய்யும் நிமாய்க்குப் பட்டறையில் வலது கண் போனதிலிருந்து உனக்குப் பயம். மாப்பிள்ளை அந்தப் பட்டறையை விட்டால்தான் பிறந்த குழந்தையோடு ஊரிலிருந்து திரும்புவேன் என்று எழுதியிருந்தாய். போய்ப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னாய். பத்திரிகையில் முப்பது வருஷமாக நான் செய்யும் வேலைதான் அது.

சாந்த்ராகாச்சி பக்கம் அந்தப் பட்டறையில் சாணைச் சக்கரங்கள் முன்பு போலவே பொறி பறக்க ஓடுகின்றன. புதிது ஒன்று உண்டு. தாங்களாக முன்வந்து கூப்பிடும் சின்னப் பட்டறைகளுக்கு இப்போது அரசாங்கம் ஆளனுப்பி, அபராதம் போடாமல் யோசனை சொல்கிறது, சாமானும் தருகிறது. முதலாளி ஹால்தார் பாபு முதலில் ஒப்பவில்லையாம். இன்ஸ்பெக்டரை வெற்றிலை வைத்து அழைப்பதற்கு எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டாராம். நிமாயின் மனைவி வந்து பட்டறை வாசலில் நின்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் சென்குப்தா இளம் வயது, பொறுமைசாலி. எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார். மறுபடி வரும்போது இவை உபயோகத்தில் இருந்தால், தூசியை வெளியே இழுக்கும் விசிறிக்கும் உதவி கிடைக்கும். இல்லையென்றால் அது வேறு பட்டறைக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? வியர்வையில் மங்குகிறது என்று ஆணியில் மாட்டிவிட்டார்கள். உன் வீட்டுக்காரரும்தான். இதை மறைக்க மாட்டேன்.

போன வியாழக்கிழமை விஸ்வகர்மா பூஜை. அன்று இங்கே மிஷின் ஓடாது. ஆயுதங்களையெல்லாம் சாமி முன்னால் வைப்பார்கள். மாப்பிள்ளை விடியற்காலையிலேயே போய், கோவில்பட்டியில் ஆயுத பூஜைக்குச் செய்கிற மாதிரி, சுத்தியல், அரம், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார். அந்த வேகத்தில் ஆணியில் கிடந்த கண்ணாடிகளையும் எடுத்து, ஒவ்வொரு சில்லின் நடுவிலும் கட்டை விரலால் ஒரு அப்பு அப்பிவிட்டார்!

மறுநாள் நான் அங்கே இருந்தேன். அவரைக் கேலி செய்வதற்காகவே எல்லோரும் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். “ராஜ் அண்ணா, உங்க ஊர் சாமி என் மூக்கு மேலே உட்கார்ந்து வழியை மறைக்கிறாரே” என்றான் ஒருவன். நிமாய் இன்னொரு படி மேலே போனார்: “எனக்கு ஒரு பக்கம் போதும். மறுபாதியை வெட்டி முதலாளிக்குக் கொடுங்க, கூலி கேட்டா அவருக்குக் கண்ணே தெரியறதில்லை.” ஹால்தார் பாபுவே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் ஒருவன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டப் போனான். நிமாய் தடுத்தார். “பூஜை போட்ட ஆயுதத்தைச் சும்மா தொங்கவிடக் கூடாது. சுத்தியலைத் தொங்கவிட்டா வேலைக்கு வந்தே?” என்றார். எல்லோரும் சந்தனத்தைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை, நிமாய் சொன்னது. இரும்புச் சில்லு ஒன்று தெறித்து மாப்பிள்ளையின் இடது கண்ணாடியில் அடித்திருக்கிறது. கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நெடுக விரிசல், ஆனால் உடைந்து உள்ளே வரவில்லை. இமையில் கீறல்கூட இல்லை. ஆனாலும் நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். “எதுக்கு மச்சான், நல்லாத்தான் தெரியுது” என்று வழி முழுக்கச் சண்டை. திரும்பும்போது கடையில் நின்று ரசகுல்லா வாங்கித் தந்தார். ஒரு பானை முழுக்க இருவருமே தின்றோம்.

ஆபத்தே இல்லை என்று எழுத மாட்டேன். சக்கரம் சுற்றும் வரை பொறி பறக்கும். ஆனால் இப்போது அங்கே கண்ணாடி இல்லாமல் சக்கரத்துக்கு முன் நிற்கிறவனை மற்றவர்கள் விடுவதில்லை. இது நான் பார்த்தது.

மாப்பிள்ளை உன்னிடம் எதையும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் வீட்டு உத்தரத்தில் புதுக் கொக்கி ஒன்று அடித்து, தொட்டில் கட்டியிருக்கிறார். பலமாக இருக்கிறதா என்று தினமும் அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டிப் பார்க்கிறாராம். எதிர்வீட்டு அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். குழந்தை அவர் சாடையா, நம் அம்மா சாடையா என்று என்னிடம் கேட்டார். நானும்தான் பார்க்கவில்லையே.

உனக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். இருவரும் நிறைந்த ஆயுளோடு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
மருதமுத்து

பி.கு.: இன்னும் முடிவாகாதவை இரண்டு. சென்குப்தா துர்கா பூஜை விடுமுறை கழிந்து வருகிறார். விசிறி பற்றிய உத்தரவு அடுத்த மாத நடுவில் தெரியும். மற்றது உன் பதில். தீபாவளிக்கு முன் ஹௌரா ஸ்டேஷனில் எதிர்பார்க்கப்படுகிறது.