இரண்டு மணிப் பிள்ளைகளும் உன் அறையும்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பு மகன் சாரங்கனுக்கு,

முருகன் துணையால் இங்கே நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை நாளில் முறைப்பாடு சொல்லும். நீயும் கல்கரிக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிடுகிறேன். போனில் என்றால் நீ வேலைக்குள் நின்று அவசரப்படுவாய், அதுதான் எழுதி, அங்கே தன் மகளிடம் வரும் கீழ்வீட்டு நிக்கலஸ் அங்கிளிடம் மிளகாய்த்தூள் பார்சலோடு கொடுத்துவிடுகிறேன்.

விசயம் இதுதான். ஒரு தொழில் தொடங்க நினைக்கிறேன், அதற்கு உன் அறை வேண்டும். சிரிக்காதே. எங்கள் தொடர்மாடியில் பள்ளிக்கூட வான் இரண்டு மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகும், தாய் தகப்பன் வேலையால் வர ஆறு மணி. இறங்கின பிள்ளைகள் செக்கியூரிட்டியின் கதிரையடியில் பையோடு குந்தியிருப்பார்கள், பார்க்க மனம் கேட்பதில்லை. ஆறு மணி வரை நான் வைத்திருந்து சோறு கொடுத்து, படுக்கவிட்டு, பாடமும் பார்க்கலாம் என்று யோசித்தேன். பென்சன் எடுத்த நாள் முதல் சீரியல் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துவிட்டது. உன் சித்தி, பால் காய்ச்சும் வரை வாய் திறக்காதே, கண்ணூறு படும், இல்லாவிட்டால் யாராவது யோசனையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள். எங்கள் ஆட்கள் போர்டு மாட்டும் வரை கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள்தானே. நான் கேட்கவில்லை. தொடர்மாடிக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக் கதை முடிந்ததும் எழும்பி எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நாலாம் மாடி றலியா உடனே, மூணு மணிக்கு எங்கட புள்ளைகளுக்கு டியூஷன் இரிக்கே ஆன்ட்டி, யாரு படுக்கப்போற என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு டியூஷனை மறந்து திட்டம் போட்ட ஆள் நான் ஒருத்திதான். ஆனால் வழியையும் அவள்தான் சொன்னாள். சாப்பாடும் கொஞ்ச நேரப் படுக்கையும் கொடுத்து, வாகனம் ஓயாத காலி வீதியைக் கடத்தி வகுப்புக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவர ஆள் இருந்தால் ஆறு பிள்ளைகள் நாளைக்கே வரும் என்றாள். சமையலுக்குத் தானும் கை கொடுப்பாளாம். வாயை மூடிக்கொண்டு தொடங்கியிருந்தால் வெறும் பாயைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். சித்தி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

ஹோலில் ஆறு பாய் விரிக்க இடமில்லை. உன் கட்டிலையும் மேசையையும் எடுத்தால்தான் சரிவரும். கட்டிலைக் கேட்டு ஆளும் வந்துவிட்டது, நான்தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருடமாக அடுத்த வருடம் வந்துவிடுவேன் என்கிறாய், நானும் கிழமைக்கு ஒருதரம் விரிப்பை மாற்றி ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். தொடர்மாடி முழுக்கக் கேட்டுவிட்டு உன்னிடம் கடைசியாகக் கேட்பது பயத்தில்தான். நீ வருவதென்றால் அறை அப்படியே இருக்கும், யோசனையை விட்டுவிடுவேன், அதில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. வரமாட்டாய் என்றால் அதையும் நேரே சொல்லு. அழுவேன்தான், அழுதுவிட்டுப் பாய் வாங்கப் போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. தூள் கிடைத்ததும் போத்தலில் போட்டு இறுக்கி மூடு. எந்த ஊரில் இருந்தாலும் நீ நோய் நொடியில்லாமல் நல்லாயிருக்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். தைப்பூசத்தன்று பால் காய்ச்ச நினைக்கிறேன், அதற்கு முன் உன் பதில் வரவேண்டும். ‘பார்ப்பம்’ என்று மட்டும் எழுதாதே.

உன் அம்மா
ரஜனி