கண்ணாடிக்குள் தெரிந்த சண்டை

பெப்ரவரி 9

அருமை மகள் 'சவரக்கத்தி'க்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நான் நலம். உன் கையும் காலும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன என்று நம்புகிறேன்.

சண்டை முடியும்வரை போன் கூடாது என்று உன் மாஸ்டர் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். எனக்கு அதில் வருத்தமில்லை. போனில் நீ "சாப்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். கடிதத்தில் நான் பேசி முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவன் எப்படிக் கடிதம் போடுகிறான் என்று யோசிப்பாய். கடையில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். முறைக்குக் காத்திருக்கிறவர் உன் கடிதத்தைப் படித்துக் காட்டவேண்டும், நான் சொல்வதை எழுதவேண்டும், அவருக்கு அன்றைக்குச் சவரம் இலவசம். இதுவரை எழுதியவர் மருந்துக்கடைக்காரர். அவர் எழுத்து அவருக்கே புரியாதாம். இதோ அவர் நாற்காலிக்கு வந்துவிட்டார், இனி எழுதுவது தையல்காரர். வரி நேராக வரும், பயப்படாதே.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இப்போது உன் பேச்சுதான். போன வாரம் ஒருவர், பொம்பளைப் பிள்ளையைக் கம்பிவலைக் கூண்டுக்குள் சண்டைபோட அனுப்பிவிட்டு நீ எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டார். நான் அவர் தொண்டையில் நுரை போட்டு முடித்திருந்தேன். "நான் நல்லாத் தூங்குறேன். அவ எதிர்ல நிக்கப்போற பொண்ணைப் பெத்தவங்கதான் பாவம்" என்றேன். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. கத்தி தொண்டையில் இருந்ததும் ஒரு காரணம்.

உன் சண்டைகள் அத்தனையும் எனக்கு ஒப்பிக்கவரும். முதல் சண்டையில் எதிரே வந்தவளுக்குப் பின்கழுத்தில் மெஷின் ஓட்டியது கோணல். நீ மணி அடித்ததும் ஓரடி பின்னால் போனாய். எல்லோரும் பயந்துவிட்டாள் என்றார்கள். அவள் நம்பி உள்ளே வந்தாள், வலது காலால் விலாவில் ஒன்று வைத்தாய். அந்தச் சத்தம் டிவியில் கேட்டபோது கடையே எழுந்து நின்றது.

இந்தத் தடவை பட்டத்துக்கான சண்டை. உனக்குச் 'சவரக்கத்தி' என்று சண்டைப் பெயர் வைத்த மாதிரி, எதிரே வருகிறவளுக்கு 'இரும்புக்கதவு'. இதுவரை ஒருத்தரும் அவளைக் கீழே தள்ளியதில்லை என்கிறார்கள். ஜெயித்தால் நீ எங்கேயோ போய்விடுவாய், தோற்றால் இன்னொரு வாய்ப்பு வர உன் முழங்கால் காத்திருக்காது என்று நீயே போன தடவை வந்தபோது சொன்னாய். அதனால் ஒன்று சொல்கிறேன். மூச்சு வாங்க ஆரம்பித்தால் உன் இடது கை கன்னத்தை விட்டு மெல்ல இறங்குகிறது. போன சண்டையில் நீ வாங்கிய பெரிய அடி அந்த வழியாகத்தான் வந்தது. மாஸ்டருக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் கேட்டுவை.

உன் அப்பா
(கட்டைவிரல் வைத்திருக்கிறேன். நுரை ஈரம், கொஞ்சம் கலைந்திருக்கும்)


பெப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே எல்லோரும் சுற்றி உட்கார்ந்து படித்தோம். தொண்டையில் கத்தி வைத்த கதையைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் மனப்பாடமே செய்துவிட்டார்கள்.

விடிந்ததும் ஓட்டம், பிறகு கயிறு, பிறகு ஒருத்தர் மாற்றி ஒருத்தர் என்மேல் வந்து விழுவார்கள், நான் எழவேண்டும். உப்பில்லாத சாப்பாடு. காது இரண்டும் வீங்கியிருக்கின்றன. பார்த்தால் திட்டுவீர்கள்.

இப்போது ஒரு விஷயம். நீங்கள் சொன்னதை நம்பி இரண்டு நாள் இடது கையைக் கன்னத்தோடு கட்டிவைத்துப் பழகினேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "எதுக்கு இந்தக் கை? உனக்கு எறங்குறது வலது கை. ஒரு மாசமா அதைத்தானே கத்துறேன்?" என்றார். வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். வலது கைதான் அப்பா. முதல் சண்டையில் நான் உதைத்ததும் இடது காலால். நீங்கள் சொன்னது நொடி தப்பாமல் சரி, பக்கம் மட்டும் எல்லாமே மாறி.

மாஸ்டர் கேட்டார்: "உங்கப்பா எங்க உக்காந்து பாக்குறாரு?"

உட்கார்ந்தா? நம் கடையில் டிவி பின்சுவரில் அல்லவா இருக்கிறது. நீங்கள் கண்ணாடியைப் பார்த்து நிற்கிறீர்கள். என் சண்டை முழுவதையும் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறீர்கள். படிக்கத் தெரிந்த வேறு யாராவது என்றால் திரையில் ஓடுகிற எழுத்து திரும்பித் தெரிகிறதே என்று முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். உங்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் எழுத்து ஒன்றுதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ராத்திரி படுத்தபோது சிரிப்பு வரவில்லை. டிவி உங்கள் முதுகுக்குப் பின்னால்தானே இருந்தது. ஏன் அப்பா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை?

இதோடு டிக்கெட் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சண்டைக்கும் அனுப்பினேன், ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியில் யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். இந்தத் தடவை வருவீர்களா?

உங்கள் மகள்


பெப்ரவரி 25

அருமை மகளுக்கு,

மாஸ்டரிடம் சொல், நான் பார்த்தது தப்பில்லை, காட்டியது தப்பு. என் வேலையே கண்ணாடியில்தான். வந்து உட்காருகிறவர் முகத்தைவிடக் கண்ணாடியில் இருக்கிற முகம்தான் எனக்குப் பழக்கம். தெருவில் நேரே பார்த்தால் பாதிப்பேரை அடையாளம் தெரியாது.

இடது கையைக் கட்டிவைத்ததற்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு நாள் வீண். இனி நான் சொல்கிற எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக்கொள்.

ஏன் திரும்பவில்லை என்று கேட்டிருக்கிறாய். கையில் கத்தி இருக்கும்போது திரும்பினால் வந்தவர் காது என்ன ஆவது? அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.

வருகிற விஷயம். அன்றைக்குச் சனிக்கிழமை, கடையில் நிற்க இடமிருக்காது. தையல்காரர் மகனுக்கு மறுநாள் கல்யாணம், மாப்பிள்ளைக்கு நான்தான் வெட்டவேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். டிக்கெட்டை இதோடு திருப்பி அனுப்புகிறேன், வேறு நல்ல ஆளாகப் பார்த்துக் கொடு. கண்ணாடி இங்கேயேதான் இருக்கிறது, நான் பார்ப்பேன்.

எடையை இறக்குகிறேன் என்று தண்ணீரை நிறுத்திவிடாதே. உன் அம்மா இருந்திருந்தால் மாஸ்டரையே கூண்டில் ஏற்றியிருப்பாள்.

உன் அப்பா
(கட்டைவிரல்)

அம்மாடி, நான் தையல்காரர். இது அண்ணன் சொல்லி எழுதுவதல்ல. அவர் இப்போது ஒருவருக்கு மீசை ஒதுக்குகிறார், நான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. உன் சண்டை நாளில் அவர் கையில் கத்தி இருக்காது. மாலையிலேயே மடக்கி வைத்துவிடுவார். காலி நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒரே துணியை உதறிக்கொண்டே இருப்பார். உனக்கு அடி விழும்போது துணி கண்ணாடியை மறைக்கும். பிறகு எங்களிடம்தான் கேட்பார், "எழுந்துட்டாளா?" என்று. நீ எழுந்ததை அவர் ஒரு தடவையும் பார்த்ததில்லை. என் மகன் முடியை வெள்ளிக்கிழமையே வெட்டிக்கொள்ளட்டும். அவனிடம் சொல்லிவிட்டேன்.


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

எடை சொன்னபடி இறங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கிறேன். கன்னம் ஒட்டிப்போய் எனக்கே என்னை யாரோ மாதிரி இருக்கிறது.

இரும்புக்கதவை நேற்றுப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். முறைக்கவேண்டும் என்றார்கள், இருவரும் முறைத்தோம். படம் எடுத்து முடிந்ததும் அவள் என் காதைப் பார்த்துவிட்டு, "ஐஸ் வெச்சியா?" என்று கேட்டாள். நல்ல பெண். நல்லவள் என்பதற்காகக் குறைத்து அடிக்கமாட்டாள்.

தையல்காரர் மாமாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.

நான் விழுவதைப் பார்க்க உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். விழுவது எனக்கும்தான் பிடிக்காது. ஆனால் எழுவதற்குத்தான் நான் இவ்வளவு நாளாகப் பழகியிருக்கிறேன், அப்பா. நான் நன்றாகச் செய்கிற வேலையே அதுதான். அதை மட்டும் நீங்கள் பார்க்கவில்லை.

டிக்கெட்டை யாருக்கும் கொடுக்கவில்லை, இதோடு மறுபடியும் உங்களுக்கே அனுப்புகிறேன். பாட்டில் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மகள்


மார்ச் 19

அருமை மகள், பட்டம் வாங்கிய 'சவரக்கத்தி'க்கு,

தாடை வீக்கம் வடிகிறவரை நீ பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நல்லதாகப் போயிற்று, நானே பேசுகிறேன். இன்றைக்கு எழுதுவதற்கு அடிதடி. தபால்காரர், தையல்காரர், மருந்துக்கடைக்காரர் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கை வலித்தால் மாற்றிக்கொள்ளட்டும்.

பஸ் ஏறி வந்து உன் சண்டை நடந்த மண்டபத்துக்குள் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியைத் தேடினேன். நான்கு சுவரிலும் இல்லை. உதற ஒரு துணியும் இல்லை. வேறு வழியில்லாமல் உன்னைப் பார்த்தேன்.

டிவியில் நீ என் உள்ளங்கை அளவுதான் இருப்பாய். நேரில் வந்து நின்றபோது தோள் அகலத்தைப் பார்த்து இது யார் பெண் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் அதையே கேட்டார், என்னிடம். "என் பொண்ணு" என்றேன். அவர் தன்னுடைய சோடாவை எனக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது ரவுண்டில் அவள் விட்ட குத்தில் நீ சாய்ந்தாய். என் கை துணியை உதறுகிற மாதிரி காற்றில் போயிற்று. மறைக்க ஒன்றுமில்லை. பார்த்தேன். முதலில் முழங்கால், பிறகு ஒரு கை, தலையை அவளுக்குக் கொடுக்காமல் தோளைக் கொடுத்து, அவள் இடுப்பை அணைத்துக்கொண்டே எழுந்தாய். இத்தனை வருடமாக "எழுந்துட்டாளா" என்று அடுத்தவனிடம் கேட்டிருக்கிறேனே, இதையா விட்டேன் என்று இருந்தது. நான் செய்கிற தொழிலில் ஒரு சுத்தம் உண்டு, ஓர் இழை மிச்சமில்லாமல் வழிப்பது. நீ எழுந்ததில் அந்தச் சுத்தம் இருந்தது.

நான்காவது ரவுண்டு. உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கை இறங்கியது. என் கண் வலது என்றுதான் சொல்லியது. ஆனால் நான் பார்ப்பதெல்லாம் பக்கம் மாறியது என்று நீ எழுதியிருந்தாயே. கண்ணாடி இல்லை என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது. திருப்பிப் போட்டு, எழுந்து நின்று, என் ஆயுளில் போடாத சத்தம் போட்டேன்.

"எடது கை எறங்குது! எடது கையைத் தூக்கு!"

நீ வலது கையைத் தூக்கினாய்.

அந்தப் பக்கம் இரும்புக்கதவுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் என் சத்தத்தைக் கேட்டு, "எடது பக்கம் காலி, ஒதை!" என்று கத்தினார். அவளும் நம்பி இடது விலாவுக்கு உதைத்தாள். உன் இடது கை எப்போதும்போல அங்கேயேதான் இருந்தது. அந்தக் காலை அப்படியே அக்குளில் வாங்கி, அவள் ஊன்றியிருந்த காலைத் தட்டிவிட்டாய். கதவு சாய்ந்தது. அவள் புரளுவதற்குள் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கை போட்டாய். அவள் உன் கையை மெல்லத் தட்டினாள், போதும் என்று. நீ உடனே விட்டாய். விட்டதும் அவள் தலையைப் பிடித்து உட்காரவைத்தாயே, அதற்குத்தான் நான் அழுதேன். பட்டத்துக்கு இல்லை.

பிறகு கம்பிவலைக்குப் பக்கத்தில் வந்து, வீங்கின வாயோடு, "இன்னும் தப்பாத்தாம்ப்பா சொல்றீங்க" என்றாய். மாஸ்டர் நான் சொன்னதற்கு அர்த்தம் கேட்டாராம். உனக்குக் கேட்கத் தேவைப்படவில்லை.

அன்று ராத்திரியே கிளம்பியதற்குக் கோபிக்காதே. மறுநாள் கல்யாணத்துக்குப் போகவேண்டும், நான் உன்னிடம் வரட்டும் என்று வெள்ளிக்கிழமையே முடி வெட்டிக்கொண்ட மாப்பிள்ளை அவன்.

கடையில் தினமும் சண்டையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். கத்தியை மடக்கி வைத்துவிட்டுச் சொல்கிறேன். பழைய சண்டைகளையும் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் சண்டையில் உன் கால் இப்போது இடது கால் ஆகிவிட்டது. நீ எழுகிற இடங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன. அவற்றை நீதான் வந்து சொல்லவேண்டும்.

இன்னொன்று. அன்றைக்குக் கிட்டத்தில் பார்த்தேன், உனக்குக் காதுக்குப் பின்னால் முடி இரண்டு பக்கமும் சமமில்லை. எந்தப் புண்ணியவான் வெட்டினான்? வீக்கம் வடிந்ததும் வா. நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

உன் அப்பா
(கட்டைவிரல். இந்தத் தடவை கையைத் துடைத்துவிட்டு வைத்தேன்)