கீழே போட்ட உலக்கை

உரல் சத்தம் கேட்டாலே சிரிச்சுக்கொண்டு எழும்புற என்ர மச்சான் சாமித்தம்பிக்கு,

சொல்றது நான், எழுதுறது உன்ர மகள். நீ போகேக்க தாயின்ர வயித்தில இருந்தவள். எழுத்து வடிவா இருக்கெண்டு சனம் சொல்லுது. எனக்கென்ன தெரியும்?

நம்மட கடை இப்பவும் துறையடியிலதான். நீயும் நானும் கிடுகு கட்டி, வெல்லாவெளிச் சேனையில விளைஞ்ச எள்ளையும் குரக்கனையும் தோணியில கொண்டுவந்து தொடங்கின அதே கடை. "கப்பல் அரிசி இருக்கேக்க குரக்கன் பிட்டைக் காசு குடுத்து ஆரு தின்னுவான்?" எண்டு அப்ப ஊரே சிரிச்சது. இப்ப உலகத்தில சண்டை. கப்பல் வாறல்ல. கூப்பன் அரிசி காணாது. தோணியால இறங்குற சனம் நேரா உன்ர எள்ளுப்பாகு உருண்டைக்குத்தான் வருது. இதைப் பார்க்க நீ இருந்திருக்க வேணாமா?

நீ போன அண்டைக்கு நடந்ததில ஒண்டும் நான் மறக்கல்ல. வட்டை முழுக்க வயல் வைச்சிருந்த போடியாரின்ர ஆக்களை மேய்ச்ச முல்லைக்காரன் கோணாமலை, மூண்டு பேரோட வந்தான். "இந்த வட்டையில விளையிற எள்ளு போடியாரின்ர பண்டசாலைக்குத்தான். சேனைக்காரனிட்ட நேரா வாங்க நீ ஆர்ரா?" எண்டான். நீ இடிக்கிறதை நிப்பாட்டாமச் சொன்னாய்: "விதைச்சவன் வித்தான், நான் வாங்கினன். நீயும் ஒரு உருண்டை தின்னு, கோவம் ஆறும்."

கொதிச்ச பாகுச் சட்டியை உன்ர காலில உதைச்சு ஊத்தினான். தோல் உரிஞ்சு தொங்கினது. உன்ர கையில உலக்கை இருந்தது. ஒரு வீச்சுப் போதும், அவன்ர மண்டை பிளந்திருக்கும். நீ அதைக் கீழ போட்டாய். சாப்பாட்டுக்கு இடிக்கிற உலக்கையை மனிசர் மேல ஓங்கினா அந்த வீட்டில மா பொலியாது எண்டு சொல்லித்தானே நம்மட குடியில வளர்த்தது. வெறுங்கையோட பாய்ஞ்சாய்.

அவனுக்கு அந்தப் பயம் இல்ல. நீ போட்டதை அவன் எடுத்தான். ரெண்டு பேர்ர பிடியில கிடந்து நான் பார்த்தன். முதல் அடி தோளில. மறுகா பிடரியில. எள்ளுக்குள்ள குப்புற விழுந்தாய். கறுப்பு எள்ளில ரெத்தம் தெரியல்ல. கையை வைச்சாப்போலதான் ஈரம் தெரிஞ்சது.

மகள் பேனையை வைச்சிட்டாள். "எழுது புள்ள" எண்டன். எழுதுறாள்.

தவறி உரலில விழுந்து செத்தாய் எண்டு அந்த மூண்டு பேரும் சாட்சி சொன்னாங்க. கோணாமலை தப்பிட்டான். "இந்த உலக்கையை வாவியில எறிவம்" எண்டு என்ர தங்கச்சியிட்ட, உன்ர பெண்சாதியிட்டச் சொன்னன். அவள் அதைக் கழுவிப் பார்த்திட்டு, "பூண் நல்லாத்தானே இருக்கு, அண்ண" எண்டாள்.

இந்த மாரியில அந்தக் கோணாமலை கடைக்கு வந்தான். போடியாரின்ர மக்கள் துரத்திப்போட்டாங்களாம். எலும்பும் தோலும். கண்ணில வெள்ளை படர்ந்து, என்னை மட்டுக்கட்டல்ல. உருண்டையைக் கடிச்சிட்டு, "முந்தி இந்தத் துறையில ஒருத்தன் இடிச்சவன், இதே ருசி" எண்டான்.

அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது?

நானும் கிழவன், அவனும் கிழவன். வாயில குத்தினன். பல்லுத் தெறிச்சுப் பிட்டுக்குள்ள விழுந்தது. மயிரைப் பிடிச்சு இழுத்தன். தங்கச்சி கிறுகியும் பார்க்கல்ல. "கடைக்குள்ள வேணாம் அண்ண, சனம் சாப்பிடுது. வெளியால கொண்டு போங்க."

வாவிக்குள்ள முகத்தை அமத்தினன். தூக்கி, "ஆரெண்டு தெரியுதா?" எண்டன். "தெரியுது" எண்டான். திருப்பியும் அமத்தினன். கால் அடிச்சது. ஒரு கை என்னைப் பிறாண்டினது. மற்றக் கை தண்ணிக்கு மேல நிண்டது, மிச்ச உருண்டையைப் பொத்திக்கொண்டு. சாகப்போறவன், அது நனையப்படாதெண்டு தூக்கிப் பிடிச்சிருந்தான்.

நான் விடல்ல மச்சான். கைதான் விட்டது.

கரையில தங்கச்சி நிண்டாள். "முடிஞ்சுதா?"

"இல்ல. தின்னுறான்."

"அப்ப நாளைக்கு இடிக்க வரச் சொல்லுங்க. சும்மா தின்ன ஏலாது."

ஒவ்வொரு நாளும் வாறான். உன்ர உலக்கையாலதான் இடிக்கிறான். நான் பக்கத்தில வெறுங்கையோட நிக்கிறன். பூண் மேல போய்க் கீழ வரும்போதெல்லாம் அவன்ர பிடரிதான் என்ர கண்ணில படுது.

ஒரு வாக்குத் தாறன். நான் இருக்குமட்டும் இந்த உலக்கையை ஆர் மேலயும் ஓங்கமாட்டன். உலக்கைக்குத்தான் அந்த வாக்கு. என்ர கைக்கு வாக்குத் தர ஏலாது மச்சான்.

உன்ர பெண்சாதிக்குத் தமையன், உன்ர மகளுக்கு மாமன்,
கந்தப்பன்